நியமனக் குழுக்களில் அமர்ந்திருக்கும் தமிழ் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய மருத்துவப் பெருமக்களே,

பிரித்தானிய தேசிய சுகாதார சேவையில் பல்லாண்டுகள் உழைத்து, இன்று அந்நாட்டு மருத்துவமனைகளின் நிர்வாக சபைகளிலும் நியமனக் குழுக்களிலும் அமர்ந்து, எந்தத் தேசத்துச் செவிலியரை எடுப்பது, எந்தத் தேசத்து வைத்தியருக்கு இடம் கொடுப்பது என்று தீர்மானிக்கும் ஸ்தானத்தை அடைந்திருக்கும் உங்களுக்கு, நீங்கள் சென்னையிலும் மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் படித்துப் பட்டம் பெற்றவர்கள் என்ற உரிமையை முன்னிட்டு இம்மடலை வரைகிறேன். லண்டனில் இருக்கும் சுகாதார மந்திரிக்கே எழுதியிருக்கலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். மந்திரிக்குத் தமிழ் தெரியாது என்பது ஒரு காரணம். எழுதிய மடல் போய்ச் சேருமுன் மந்திரி மாறிவிடுகிறார் என்பது மற்றொன்று. இவ்விரண்டினும் பெரிய காரணம், ஏழைத் தேசமொன்றின் பொதுப்பணத்தில் உருவான ஒருவர் செல்வத் தேசத்தின் வார்டில் நின்று வேலை செய்வது எத்தகைய விஷயம் என்பதைப் புத்தகத்தால் அன்றி வாழ்ந்தே அறிந்தவர்கள் நீங்கள்தாம் என்பது.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். பிறந்த ஊரை விட்டு வேறு தேசம் சென்று உழைத்துப் பிழைப்பவர்மீது எனக்கு எள்ளளவும் மனக்குறை இல்லை. கானாவின் அரசு மருத்துவமனையொன்றில் இரவெல்லாம் தனியொருத்தியாக ஒரு வார்டு முழுவதையும் பார்த்துக்கொண்டு, மருந்தும் உபகரணமும் இல்லாத குறைக்கு நோயாளியின் உறவினரிடம் தானே வசவு வாங்கிக்கொண்டு, விலைவாசி ஏற ஏறக் கரைந்துபோகும் சம்பளத்தை மாதக் கடைசியில் எண்ணிப் பார்க்கும் ஒரு செவிலி, இங்கிலாந்தில் வேலை இருக்கிறதென்று கேள்விப்பட்டு விண்ணப்பம் எழுதுவாளாயின், அவளைத் தேசத் துரோகி என்று தூற்றும் யோக்கியதை எவருக்கும் கிடையாது. இத்தகைய தேசங்களின் ஆட்சியாளருக்கோ அது அறவே கிடையாது. நைஜீரியாவில் 2023ஆம் ஆண்டு, வைத்தியப் பட்டம் பெற்றவர் ஐந்தாண்டு உள்நாட்டில் பணிபுரிந்த பின்னரே முழு உரிமம் பெறலாம் என்றொரு மசோதா கொண்டுவரப்பட்டது. மறுவருஷமே, செவிலியர் இரண்டாண்டு வேலை பார்த்தாலன்றி வெளிநாட்டுப் பதிவுக்கு வேண்டிய அத்தாட்சியைக் கொடுப்பதில்லை என்று அந்நாட்டுச் செவிலியர் மன்றம் விதி செய்தது. இவ்வளவும் நடந்த தேசத்தின் ஜனாதிபதியாக அந்த மசோதாக் காலத்தில் இருந்த முகம்மது புகாரி, தம் சொந்தச் சிகிச்சைக்கு மாதக்கணக்கில் லண்டனில் தங்கியவர். தலைவர் பறந்து போகலாம், தாதி போகலாகாது என்னும் நியாயத்தை எந்த நியாய சாஸ்திரத்தில் தேடுவது?

ஆகவே போகிறவரைத் தடுக்க வேண்டும் என்பதன்று என் வாதம். அழைக்கிறவரின் கடமை என்ன என்பதே இம்மடலின் விஷயம்.

இந்த அழைப்பு இன்று நேற்றுத் தொடங்கியதன்று. 1948ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள் தேசிய சுகாதார சேவை பிறந்தபோதே, வார்டுகளை நடத்தப் போதிய கைகள் அந்நாட்டில் இல்லை. கரிபியன் தீவுகளிலிருந்து இளம்பெண்கள் தருவிக்கப்பட்டார்கள். வந்தவர்களுள் பலர், மூன்றாண்டு படித்துப் பெறும் முழுப் பதிவுக்குப் பதிலாக, இரண்டாண்டில் முடியும் கீழ்நிலைப் பதிவுக்கே திருப்பிவிடப்பட்டார்கள். வருஷங்கள் கழித்து ஊருக்குத் திரும்பிய பின்னரே, அந்தக் கீழ்நிலைப் பதிவு தம் சொந்தத் தீவில் செல்லாது என்ற செய்தி அவர்களிற் பலருக்குத் தெரியவந்தது. பிறகு உங்கள் தலைமுறை வந்தது. உங்களில் மூத்தவர்கள், 1975இல் இந்தியப் பட்டங்களுக்கு இருந்த தானான அங்கீகாரத்தை அந்நாட்டு மருத்துவ மன்றம் நீக்கியதையும், அதன்பின் பரீட்சை எழுதி நுழைய வேண்டியிருந்ததையும் மறந்திருக்க மாட்டீர்கள். நுழைந்த பின்னும் இருதய சிகிச்சையோ அறுவைச் சிகிச்சையோ எளிதில் கிட்டவில்லை. வெள்ளையர் விரும்பாத முதியோர் மருத்துவமும் மனநோய் வார்டுகளும் வேல்ஸ் நாட்டு நிலக்கரிப் பள்ளத்தாக்குகளின் சிறு மருத்துவ நிலையங்களுமே உங்களுக்காகக் காத்திருந்தன. முதியோர் மருத்துவம் என்ற துறை அங்கே இன்று மரியாதையோடு நிற்கிறதென்றால், அந்தக் கட்டடத்துக்குக் கல் சுமந்தவர்களில் உங்கள் இனத்தவர் கணிசமானோர் என்பதைச் சரித்திர ஆசிரியர்கள் இப்போதுதான் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள்.

இவ்வளவு சிரமப்பட்டவர்களிடம் போய்க் கடனைப் பற்றிப் பேசுவது நாகரிகமா என்று சிலர் கேட்கக்கூடும். கடன் உங்களுடையது என்று நான் சொல்லவில்லை. 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு இலங்கையை விட்டுக் கிளம்பிய தமிழ் வைத்தியர்களை, நாட்டை விட்டுப் போனீர்களே என்று கேட்பவன் மனிதனல்லன். ஆயினும், 1835இல் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரியானாலும் சரி, இலவசக் கல்வியைத் தர்மமாக ஏற்றுக்கொண்ட இலங்கையின் பல்கலைக்கழகங்களானாலும் சரி, அங்கே நீங்கள் பிணவறையில் முதன்முதலாகக் கத்தியைப் பிடித்த நாள் தொட்டு ஹவுஸ் சர்ஜனாக நின்ற நாள் வரை ஆன செலவை, உப்புக்கும் தீப்பெட்டிக்கும் வரி கட்டிய ஜனங்கள் கொடுத்தார்கள். அதன் பலனைப் பெற்றது பிரித்தானிய அரசு. அந்தக் கணக்கில் வரவு வைத்தவரே கடனாளி.

சரி, இந்தக் கடனை உலகம் அறியாமலா இருக்கிறது? நன்றாகவே அறியும். 1997ஆம் ஆண்டிலேயே நெல்சன் மண்டேலா, தென்னாப்பிரிக்காவின் செவிலியரை அள்ளிக்கொண்டு போகாதீர்கள் என்று பிரித்தானியாவைக் கேட்டுக்கொண்டார். 1999இல் அதற்கொரு வழிகாட்டுதலும், 2001இல் ஒரு நெறிமுறையும் அங்கே பிறந்தன. 2006இல் உலக சுகாதார ஸ்தாபனம் வெளியிட்ட அறிக்கை, உலகத்து நோய்ச்சுமையில் 24 சதவீதத்தைத் தாங்கும் ஆப்பிரிக்கப் பிரதேசத்தில் உலகத்து சுகாதார ஊழியரில் 3 சதவீதமே இருக்கிறார்கள் என்று கணக்குக் காட்டியது. பின்னர் 2010 மே மாதம் ஜெனீவாவில் கூடிய உலக சுகாதார மகாசபை, சர்வதேச ஆள்சேர்ப்பு பற்றிய நெறிமுறையை ஏகமனதாக ஏற்றது. ஏற்றது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். கட்டுப்பட்டது என்று சொல்ல இயலாது, ஏனெனில் அந்நெறிமுறை யாரையும் சட்டத்தால் கட்டுவதில்லை. அதன் அடிப்படையில், பத்தாயிரம் ஜனங்களுக்கு 49 வைத்தியரும் செவிலியரும் மருத்துவச்சிகளும்கூட இல்லாத, சிகிச்சை வசதிகளிலும் பின்தங்கிய 55 தேசங்கள் 2023ஆம் ஆண்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. கானாவும் நைஜீரியாவும் மலாவியும் நேபாளமும் முன்னரே அதில் இருந்தன; ஜிம்பாப்வேயும் ஸாம்பியாவும் அவ்வாண்டில் சேர்ந்துகொண்டன. பிரித்தானியா இதையொட்டியே தன் சிவப்புப் பட்டியலை வகுத்துக்கொண்டு, அதிலுள்ள தேசங்களில் முனைந்து ஆள் சேர்க்கலாகாது என்று தன் மருத்துவமனைகளுக்குக் கட்டளையிட்டிருக்கிறது.

இந்த ‘முனைந்து’ என்னும் அடைமொழிக்குள்ளேதான் விவகாரம் முழுவதும் ஒளிந்துகொண்டிருக்கிறது. ஏஜெண்டை அனுப்பி லாகோஸ் நகரத்து ஹோட்டலில் நேர்முகம் நடத்தினால் அது குற்றம். அதே லாகோஸ் நகரத்துச் செவிலி, உங்கள் மருத்துவமனை இணையத்தில் வெளியிட்ட விளம்பரத்தைத் தன் கைப்பேசியில் பார்த்துத் தானே விண்ணப்பித்தால் அது குற்றமன்று. விளம்பரத்துக்குத் தேச எல்லை கிடையாது. விசாவுக்கான பணத்தைத் தருவதாக அவ்விளம்பரமே சொல்லலாம். முன்னே சென்ற தோழி வாட்ஸ்அப்பில் வழி சொல்லிக்கொடுக்கலாம். இவ்வாறாக, ஆள் சேர்க்கக் கூடாத நைஜீரியாவில் பயின்று பிரித்தானியப் பதிவேட்டில் ஏறியிருக்கும் செவிலியரின் தொகை 2023இல் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. அவ்வாண்டு பதிவேட்டில் புதிதாகச் சேர்ந்தவரில் ஏறத்தாழப் பாதிப்பேர் வெளிநாடுகளில் பயின்றவர்கள். நெறிமுறை மீறப்பட்டதா என்றால், இல்லை. ஒரு விதியும் மீறப்படவில்லை. விதி மீறப்படாமலே இவ்வளவும் நடக்குமாயின், அவ்விதியை எதற்காக எழுதினார்கள் என்ற சந்தேகம் உங்களுக்கு எழாதிருக்க நியாயமில்லை.

தனியாக விண்ணப்பிக்கும் வழியையும் அடைத்துவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அதை நான் ஒப்பமாட்டேன். பிறந்த தேசம் ஏழையென்பதற்காக ஒரு பெண்ணின் விண்ணப்பத்தை மட்டும் பிரித்துப் பார்க்காமல் ஒதுக்குவது, தர்மத்தின் பெயரால் செய்யப்படும் இன்னோர் அநியாயம். விண்ணப்பத்தைப் பாருங்கள், தகுதியிருந்தால் வேலையைக் கொடுங்கள், அவளை உருவாக்கிய பள்ளிக்கு என்ன கொடுத்தோம் என்பதையும் அதே மேஜையில் வைத்துக் கேளுங்கள். என் கோரிக்கை இவ்வளவே.

கொடுப்பதால் என்ன ஆகும் என்பதற்கு மலாவி சாட்சி. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சிறு தேசத்தின் சுகாதாரத் துறை ஏறக்குறைய நிலைகுலைந்திருந்தது. எய்ட்ஸ் நோய் நோயாளிகளை மாத்திரமின்றிச் செவிலியரையும் கொண்டுபோயிற்று. எஞ்சியவரில் பலரை இங்கிலாந்து கொண்டுபோயிற்று. மலாவியில் இருப்பதைவிட மான்செஸ்டர் நகரில் அதிகம் மலாவி வைத்தியர் இருக்கிறார்கள் என்றொரு பேச்சு அக்காலத்தில் உலாவியது. எண்ணிப் பார்த்தால் அது நிற்குமா என்பது விவாதத்துக்குரியது, ஆனால் அப்படியொரு பேச்சு நம்பத்தக்கதாக ஜனங்களுக்குத் தோன்றியதே நிலைமையின் கொடுமையைச் சொல்லும். 2004இல் மலாவி அரசு ஓர் அவசரத் திட்டம் வகுத்தது. பிரித்தானிய அரசின் சர்வதேச அபிவிருத்தித் துறையே அதற்குப் பெரும்பொருள் கொடுத்தது. பதினொரு வகை ஊழியருக்குச் சம்பளத்தின்மேல் 52 சதவீதம் கூட்டிக் கொடுக்கப்பட்டது. பயிற்சிக் கல்லூரிகளின் இடங்கள் பெருக்கப்பட்டன. உள்ளூரில் ஆள் தேறும்வரை வெளிநாட்டுத் தொண்டர் வைத்தியர்கள் தருவிக்கப்பட்டார்கள். ஆறாண்டுக்குள் அவ்வகை ஊழியரின் தொகை பாதிக்கு மேல் பெருகியது.

இதை இருவிதமாகப் படிக்கலாம். மலாவி வைத்தியர் பிரித்தானிய வார்டில் நிற்க, அவர் விட்டுவந்த வார்டில் நிற்கப் பிரித்தானியத் தொண்டர் விமானம் ஏறிய விசித்திரத்தை எண்ணிச் சிரிக்கலாம். ஓர் அரசுக்குள்ளே ஒரு துறை கொடுத்ததை மற்றொரு துறை எடுத்துக்கொண்டதே என்று நொந்துகொள்ளவும் செய்யலாம். எனக்குப் பிரதானமாகப் படுவது வேறு. சம்பளமும் பயிற்சி இடமும் கூடினால் ஊழியர் நிலைப்பார்கள் என்பதும், அதற்குச் செல்வத் தேசத்தின் பணம் போய்ச் சேர வழியுண்டு என்பதும் அங்கே நிரூபணமாகிவிட்டன. நிரூபணமானதைத் தொடர்ந்து நடத்தாமல், அதைத் தானம் என்று பெயரிட்டு, காலக்கெடு வைத்து, கெடு முடிந்ததும் கையை உதறிக்கொண்டதே பிழை. கடனைத் தானமாகக் கொடுப்பவன் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிடலாம் அல்லவா?

எதிர்வாதங்களை நான் அறியாமலில்லை. வெளிநாடு சென்றவர் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறாரே என்பார்கள். அனுப்புகிறார், அது தம்பியின் படிப்புக்கும் தாயின் வைத்தியத்துக்கும் வீட்டின் கூரைக்கும் போகிறது, போக வேண்டியதுதான், ஆனால் அவர் விட்டுவந்த பிரசவ வார்டின் இரவு முறைக்கு அந்தப் பணம் ஒரு மருத்துவச்சியை நியமிப்பதில்லை. ஏழைத் தேசங்களிலேயே வேலையில்லாத செவிலியர் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்களே, அவர்களை எடுத்தால் என்ன என்பது வலுவான வாதம். உண்மையே: கென்யாவிலும் கானாவிலும் செவிலியரில்லாத வார்டும் வேலையில்லாத செவிலியரும் ஒருங்கே இருக்கும் விபரீதத்தைக் காணலாம், கஜானாவில் சம்பளத்துக்குப் பணமில்லை, பணமிருந்தாலும் சம்பளச் செலவை இறுக்கிப் பிடிக்கும்படி கடன் கொடுத்தவர்கள் சொல்கிறார்கள். 2021இல் கென்யாவோடு பிரித்தானியா செய்துகொண்ட உடன்படிக்கை இந்த வேலையற்றோரைக் காட்டித்தான் செய்யப்பட்டது. ஆயினும் நேர்முகத்தில் அமர்ந்திருப்பவர்கள் நீங்கள். நேற்றுப் பட்டம் பெற்றவளையா தேர்ந்தெடுக்கிறீர்கள்? தீவிர சிகிச்சைப் பிரிவிலும் அறுவை அரங்கிலும் அனுபவம் பெற்றவளைத்தானே? அந்த அனுபவசாலி கிளம்பும்போது, புதிதாக வருபவளுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கும் ஆசானும் கூடவே கிளம்பிவிடுகிறாள். இழப்பு ஒரு தலையன்று. ஏற்றுமதிக்கென்றே செவிலியரைப் பயிற்றும் பிலிப்பைன்ஸ்கூட, 2020இல் கொள்ளைநோய் முற்றியபோது, ஆண்டுக்கு ஐயாயிரம் பேருக்குமேல் வெளியே போகலாகாது என்று கதவைச் சாத்த நேர்ந்தது.

இப்போது நான் சொல்ல வந்த காரியத்துக்கு வருகிறேன். பயிற்றிய தேசத்துக்கு ஈடு கொடுப்பது நடைமுறைக்கு ஒவ்வாது, தொகையை எப்படிக் கணக்கிடுவது, யார் வசூலிப்பது என்று உங்கள் நிர்வாகிகள் சொல்வார்கள். 1970களில் பொருளியல் அறிஞர் ஜகதீஷ் பகவதி, குடிபெயர்ந்த நிபுணரின் வருமானத்தில் ஒரு வரி விதிக்கலாம் என்று யோசனை கூறியபோதும் இந்த ஆட்சேபங்களே வந்தன. அவருடைய வரி போனவர்மேல் விழுவது. ஆதலால் அதில் எனக்கு முழு சம்மதம் இல்லை. ஆனால் கணக்கிட இயலாது, வசூலிக்க இயலாது என்ற வாதம் மட்டும் இனிப் பலிக்காது. ஏன் பலிக்காதென்றால், இரண்டையும் உங்கள் மருத்துவமனைகள் இன்று செய்துகொண்டிருக்கின்றன.

வெளிநாட்டுச் செவிலியரோடு பல மருத்துவமனைகள் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தத்தைப் பாருங்கள். குறித்த காலத்துக்குமுன் வேலையை விட்டால், விமானக் கட்டணம், விசாச் செலவு, பரீட்சைக் கட்டணம் முதலியவற்றை அவர் திருப்பிச் செலுத்த வேண்டும் என்றொரு ஷரத்து அதில் இருக்கும். சில இடங்களில் இத்தொகை ஆயிரக்கணக்கான பவுண்டுகளாக வளர்ந்து, வேலையை விட முடியாதபடி ஊழியரைக் கட்டிப்போட்டது. அவலம் பத்திரிகைகளில் வந்து, 2022இல் அரசே தலையிட்டு, தொகை நியாயமாகவும் காலம் செல்லச் செல்லக் குறைவதாகவும் இருக்க வேண்டும் என்று தன் ஆள்சேர்ப்பு நெறிமுறையில் எழுத நேர்ந்தது. ஒருவர்மீது செலவிட்ட நிறுவனம், அவர் சீக்கிரம் பிரிந்துபோனால் அச்செலவைத் திரும்பக் கேட்கலாம் என்னும் தத்துவத்தை இவ்வாறு உங்கள் நிர்வாகம் ஏற்றுக் கையொப்பமும் இட்டிருக்கிறது. விமான டிக்கெட்டுக்குப் பொருந்தும் அந்தத் தத்துவம், மூன்றாண்டு நான்காண்டுப் படிப்புக்கு மட்டும் ஏன் பொருந்தாது? உங்களிடமிருந்து பிரிந்தால் கடன், உங்களிடம் வருவதற்காகப் பிரிந்தால் கடனில்லை என்றால், அந்தத் தராசைப் பிடித்திருக்கும் கை யாருடையது?

வசூலிக்கும் இயந்திரமும் இருக்கிறது. 2017 முதல், வெளிநாட்டு நிபுணரை விசா கொடுத்து எடுக்கும் பெரிய நிறுவனம் ஒவ்வொன்றும், அவர் விசாவின் ஓராண்டுக்கு 1,000 பவுண்டு வீதம் அரசுக்குக் கட்ட வேண்டும் என்று விதித்தார்கள். பின்னர் அந்தக் கட்டணம் மேலும் உயர்த்தப்பட்டது. மருத்துவமனைகளுக்கும் இதில் விலக்கில்லை. கட்டணத்தின் நோக்கம், உள்நாட்டவருக்குத் தொழிற்பயிற்சி அளிக்கப் பணம் திரட்டுவது என்று சொல்லப்பட்டது. அதாவது, ஸாம்பியாவின் செவிலி ஒருத்தி மூன்றாண்டு விசாவில் வந்து சேர்ந்தால், அவளைப் பயிற்றியதற்கான காணிக்கைபோல் 3,000 பவுண்டுக்குக் குறையாமல் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறுகிறது. இரு கைகளும் பிரித்தானிய அரசின் கைகளே. பயிற்றிய லுசாகா நகரத்துப் பள்ளிக்கு ஒரு பென்னியும் சேர்வதில்லை. புதிய வரி வேண்டாம், புதிய இலாகா வேண்டாம். சிவப்புப் பட்டியல் தேசங்களிலிருந்து வரும் ஊழியருக்காகக் கட்டப்படும் இத்தொகையை மட்டும் அவர் படித்த கல்லூரியின் பயிற்சி இடங்களுக்கென ஒதுக்கி அனுப்பினாலே, போனவரின் இடத்தில் இன்னொருவரை உருவாக்கும் முயற்சிக்கு முதல் கிடைத்துவிடும். அரசாங்கத்தின் பொதுக் கஜானாவில் போட்டால் யார் பையில் சேருமோ என்று அஞ்சுபவர்கள், பணத்தைக் கல்லூரிக்கே நேராக அனுப்பும் ஏற்பாட்டைக் கோரலாம்.

கடைசியாக ஒரு விஷயம், ஏனென்றால் காற்று இப்போது திசை மாறி வீசுகிறது. வெளிநாட்டு நியமனத்தை 2035க்குள் பத்து சதவீதத்துக்கும் கீழே கொண்டுவருவதாகப் பிரித்தானிய அரசு அறிவித்திருக்கிறது. சுயதேவையைச் சொந்தப் பயிற்சியால் பூர்த்தி செய்துகொள்வது உத்தமமே. ஜெனீவா நெறிமுறை வேண்டுவதும் அதுவே. ஆனால் ஏழைத் தேசங்கள்மீது கொண்ட பரிவினால் கதவைச் சாத்துகிறோம் என்று எவரேனும் உங்கள் சபையில் பேசினால், தயவுசெய்து தலையசைத்துவிடாதீர்கள். எழுபத்தைந்து வருஷ காலம் வாங்கியதற்கு ஈடு, இனி வாங்குவதில்லை என்ற வாக்குறுதியால் தீர்ந்துவிடாது. வெளிநாட்டு வேலையை நம்பி வீட்டையும் நகையையும் அடகு வைத்து ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டு, கேரளத்திலும் லாகோஸிலும் நேபாளத்திலும் காத்திருக்கும் பிள்ளைகளை அந்தக் கதவு தெருவில் நிறுத்தும் என்பதையும் யாராவது எழுந்து சொல்ல வேண்டும்.

எனவே உங்கள் மருத்துவமனையின் அடுத்த நிர்வாக சபைக் கூட்டத்தில், கடந்த ஐந்தாண்டில் சிவப்புப் பட்டியல் தேசங்களிலிருந்து எத்தனை பேர் தாமாக விண்ணப்பித்து வந்து சேர்ந்தார்கள், அவர்கள் எந்தெந்தப் பள்ளியில் பயின்றவர்கள், அவர்கள் பெயரால் அரசுக்குக் கட்டிய கட்டணம் எவ்வளவு, அப்பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது எவ்வளவு என்று எழுத்து மூலம் ஒரு வினாவை வைத்து, அவ்வினாவும் விடையும் கூட்டக் குறிப்பில் ஏறும்படி பார்த்துக்கொள்ள வேண்டுகிறேன். வினா கேட்பதற்கு மந்திரியின் அனுமதி வேண்டியதில்லை. சபை உறுப்பினராக இருந்தால் போதும். கிடைக்கும் விடையை எனக்கு எழுதியனுப்பினால், மருத்துவமனையின் பெயரையும் உங்கள் பெயரையும் நீக்கிவிட்டு இப்பத்திரிகையிலேயே பிரசுரிக்கச் சித்தமாயிருக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் அன்பன்